பழைய காரின் உயர் கம்ப்ரஷன் இன்ஜினுக்கு எந்த ஆக்டேன்? மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா வைத்திருந்த ஃபியட் 1100 காரை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் பார்க்கும்போதெல்லாம் பெட்ரோல் பற்றித்தான் கேட்கிறார்கள். "அண்ணே, 95 போடவா, 100 போடவா?" என்று எடுத்த எடுப்பில் எண்ணைக் கேட்பார்கள். எண்ணுக்கு முன்னால் தெரிய வேண்டியது, உங்கள் இன்ஜின் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பது. அறுபது வருஷத்துக்கு முன்னால் அச்சடித்த கையேடு அதைச் சொல்லாது. கேள்விகளை அந்த நினைப்போடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆக்டேன் எண் என்பது உண்மையில் எதைக் குறிக்கிறது?

சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் நசுங்கும்போது சூடாகும். பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து கிளம்பி மறு ஓரம் வரை ஒழுங்காகப் பரவ வேண்டும். அது போய்ச் சேர்வதற்குள், ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் மிச்சக் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே பற்றி ஒரே அடியாக வெடித்தால் அதற்குத்தான் நாக்கிங் என்று பெயர். அப்படி முந்திக்கொண்டு வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதன் அளவு ஆக்டேன் எண்.

அளவுகோல் 1920-களில் வந்தது. ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0. ஒரு பெட்ரோல், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்ததைப் போல நடந்துகொண்டால் அது 91. கம்ப்ரஷனை ஏற்றி இறக்கக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் சோதனை இன்ஜினில் இதை அளக்கிறார்கள். 600 சுற்று வேகத்தில் அளப்பது ரிசர்ச் எண். 900 சுற்றில், உள்ளே போகும் கலவையை நன்றாகச் சூடாக்கி அளப்பது மோட்டார் எண். நம் ஊர் பங்க்கில் எழுதியிருப்பது ரிசர்ச் எண்.

கூடின ஆக்டேன் போட்டால் இழுவை கூடுமா?

கூடாது. 100 என்ற எண்ணுக்குள் கூடுதல் சக்தி எதுவும் இல்லை. 91-இல் நாக்கிங் இல்லாமல் ஓடும் இன்ஜினுக்கு 100 ஊற்றினால் பணம்தான் செலவு. 91-இல் நாக்கிங் அடித்துக்கொண்டிருந்த இன்ஜினுக்குக் கூடின எண் கிடைத்து, அதனால் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுவர முடிந்தால், அப்போது இழுவை திரும்பி வரும். இழந்ததைத்தான் திரும்பப் பெறுகிறீர்கள்.

என் இன்ஜின் உயர் கம்ப்ரஷனா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கையேட்டில் கம்ப்ரஷன் விகிதம் என்று ஒரு எண் இருக்கும்; சிலிண்டருக்குள் போன கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்பதுதான் அது. பழைய அம்பாசடரின் 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின் 7.2. நம் ஊர் ஃபியட் எட்டுக்குக் கீழே. எம்ஜிபி காரின் 1,798 சிசி இன்ஜின் 8.8. ஜாகுவார் இ-டைப் 3.8 லிட்டர் 9. அறுபதுகளின் இம்பாலாவில் வந்த 327 வி8 இன்ஜின் 10.5. இதெல்லாம் ஆலையை விட்டு வந்த நாளில் இருந்த நிலை.

அதன் பிறகு என்ன நடந்தது என்பதற்கு என் வண்டியையே சொல்கிறேன். ஒரு கோடையில் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு) போய்விட்டது. பட்டறையில் ஹெட் கோணியிருக்கிறது என்று லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் செய்து, அதாவது அடிப்பரப்பைச் சீவி மட்டமாக்கி, வாங்கினார்கள். இரண்டு வருஷம் கழித்து அதே கதை, மறுபடியும் ஃபேஸிங். எவ்வளவு சீவினார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டி முன்னைவிட நன்றாக இழுத்தது, சந்தோஷப்பட்டேன். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் ஏற்றத்தில் கால் வைத்ததும் அடிக்க ஆரம்பித்தது.

திரும்பி வந்து ஹெட்டைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தேன். வால்வுகள் மூடி, பிளக் மாட்டி, ஹெட்டில் கலவை எரியும் அறையின் விளிம்பில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி, நடுவில் சிறு துளை போட்ட அக்ரிலிக் பலகையை அழுத்தி ஒட்டினேன். மருந்துக் கடையில் வாங்கிய 50 மில்லி சிரிஞ்சில் ரேஷன் மண்ணெண்ணெய். நீலமாக இருப்பதால் பலகைக்கு அடியில் அது ஏறி வருவது கண்ணுக்குத் தெரிகிறது. கடைசியில் ஒரு காற்றுக்குமிழ் மட்டும் துளையைத் தேடிப் போகும். அது வெளியேறி நீலம் முழுக்கப் பரவியதும் சிரிஞ்சைப் பார்த்தால் 28.5 மில்லி போயிருந்தது. நான்கு அறையும் அரை மில்லி முன்னே பின்னே.

கணக்கு இப்படி: 68 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 75 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). ஒரு சிலிண்டருக்கு 272.4 சிசி. நசுங்கிய கேஸ்கட் 1.2 மி.மீ. கனம், அதன் ஓட்டைக்குள் 4.4 சிசி. அறையோடு சேர்த்தால் 32.9. பிஸ்டன் தலை தட்டையாக, பிளாக் மட்டத்துக்கே வந்து நிற்பதால் வேறு கூட்டல் கழித்தல் இல்லை. 272.4-ஐயும் 32.9-ஐயும் கூட்டி 32.9-ஆல் வகுத்தால் 9.3. ஹெட்டைச் சீவச் சீவ அறை சிறுத்து, எட்டுக்குக் கீழே இருந்த ஃபியட் 9.3-க்கு வந்துவிட்டது, எனக்குத் தெரியாமலே.

உங்கள் பிஸ்டன் மட்டத்துக்குக் கீழே நின்றாலோ தலை குவிந்திருந்தாலோ அதன் அளவையும் சேர்க்கவோ கழிக்கவோ வேண்டும். கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு விகிதம் சொல்லாதீர்கள். கேஜில் வரும் பிஎஸ்ஐ (அழுத்த அளவு), கேம் ஷாஃப்ட் எப்போது வால்வை மூடுகிறது, ஸ்டார்ட்டர் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதையெல்லாம் பொறுத்து மாறும். கேஜ் வேறு ஒன்றைக் காட்டிக்கொடுக்கும்: ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட அதிகம் காட்டினால் உள்ளே கரி கட்டியிருக்க வாய்ப்பு உண்டு. கரியும் இடத்தை அடைத்துக் கம்ப்ரஷனை ஏற்றும்.

விகிதம் தெரிந்துவிட்டது. அதற்கு எந்த எண் போட வேண்டும்?

தொடங்குவதற்கு ஒரு கைக்கணக்கு தருகிறேன். எட்டுக்குக் கீழே என்றால் 91 போதும். எட்டிலிருந்து ஒன்பது வரை 91 விளிம்பில் நிற்கும், 95 நிம்மதி. ஒன்பதிலிருந்து பத்து வரை 95-க்குக் கீழே போக வேண்டாம். பத்துக்கு மேலே, அதுவும் வார்ப்பிரும்பு ஹெட் என்றால், 97 முதல் 100 வரை தேட வேண்டியிருக்கும்.

ஒரே விகிதம் உள்ள இரண்டு இன்ஜின்கள் ஒரே பெட்ரோலைக் கேட்கும் என்று நினைக்காதீர்கள். அலுமினிய ஹெட் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும், வார்ப்பிரும்பு பிடித்து வைத்துக்கொள்ளும். போர் பெரியதாக இருந்தால் தீ ஓட வேண்டிய தூரம் அதிகம், அந்த நேரத்துக்குள் மூலைக் கலவை முந்திக்கொள்ளும். பிளக் அறையின் நடுவில் இருக்கும் இன்ஜின் கொஞ்சம் பொறுமைசாலி. அதனால் கைக்கணக்கை வைத்து முதல் டேங்க் நிரப்புங்கள், மீதியை ரோட்டில் காதால் தீர்மானிக்கலாம்.

பங்க்கில் கிடைக்கும் சாதாரணம், 95, 100: என்ன வித்தியாசம்?

2020 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டுத் தரப்படி சாதாரண பெட்ரோல் குறைந்தது 91. எக்ஸ்பி95, பவர் 95 போன்ற பெயர்களில் விற்பது 95. எக்ஸ்பி100 போன்றவை 100, எல்லா பங்க்கிலும் கிடைக்காது. கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது. 20 சதவீத எத்தனால் கலந்த பிறகு சாதாரண பெட்ரோலே 95-ஐ எட்டிவிட்டது என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025-இல் சொன்னது. அப்படியானால் பழைய வண்டிக்காரருக்குப் பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. எத்தனாலின் ரிசர்ச் எண் 108-க்கு மேல், மோட்டார் எண் 90 அளவில்தான். சூடேறிய நிலையில் மூச்சு முட்ட மலை ஏறும் இன்ஜினுக்கு மோட்டார் எண்தான் நெருக்கமான அளவு. பங்க்கில் எழுதியிருக்கும் எண் ஒன்றாக இருந்தாலும் ஏற்றத்தில் இரண்டு பெட்ரோலும் ஒன்றுபோல நடக்க வேண்டும் என்பதில்லை.

பெயருக்குப் பின்னால் எண் இல்லாமல் 'பிரீமியம்' என்று மட்டும் எழுதியிருந்தால் ஆக்டேன் எத்தனை என்று கேளுங்கள். சில பெட்ரோலில் இன்ஜினைச் சுத்தமாக வைக்கும் மருந்து மட்டும் கூடுதலாக இருக்கும், ஆக்டேன் ஏறியிருக்காது.

பாதி 91, பாதி 100 கலந்து ஊற்றலாமா?

தாராளமாக. ஏறக்குறைய 95, 96 வரும்.

அமெரிக்கக் கையேட்டில் 87 போதும் என்றும், இங்கிலாந்துக் கையேட்டில் நட்சத்திரக் கணக்கும் இருக்கிறதே?

அமெரிக்க பங்க் எண் என்பது ரிசர்ச் எண்ணையும் மோட்டார் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தது. அவர்களுடைய 87 நமக்கு 91, 92. இந்த முறை அங்கே எழுபதுகளில் வந்தது. அதற்கு முந்தைய வண்டி என்றால் கையேட்டில் இருப்பது பெரும்பாலும் ரிசர்ச் எண்தான், மாற்ற வேண்டியதில்லை. இங்கிலாந்தில் நாலு நட்சத்திரம் 97, ஐந்து நட்சத்திரம் 100. எம்ஜிபி, ஜாகுவார் வைத்திருப்பவர்கள் 'நாலு நட்சத்திரம்' என்று படித்தால் 97 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இம்பாலா போன்ற அமெரிக்க வண்டி வாங்கும் முன் ஆண்டைப் பாருங்கள். 1971 மாடலிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் தன் இன்ஜின்களின் கம்ப்ரஷனை ஒட்டுமொத்தமாகக் குறைத்தது. 1970-ஐச் சேர்ந்ததும் 1972-ஐச் சேர்ந்ததும் வெளியே அண்ணன் தம்பி போல இருந்தாலும் கேட்கும் பெட்ரோல் வேறு.

நாக்கிங் சத்தம் எப்படி இருக்கும்? டேப்பட் சத்தத்தோடு குழம்புகிறதே?

பித்தளைத் தாம்பாளத்தில் புளியங்கொட்டையைச் சிதறவிட்டால் வருகிற சத்தம். டேப்பட் சத்தம் (வால்வைத் திறக்கும் பாகங்களின் தட்டல்) வண்டி நின்றுகொண்டிருந்தாலும் வரும், ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கச் சீராக வேகம் பிடிக்கும். நாக்கிங் பாரம் ஏறும்போதுதான் வரும். டாப் கியரில் மெதுவாக ஓட்டிக்கொண்டே ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் கொட்டும், காலை எடுத்தால் அந்தக் கணமே நின்றுபோகும். காலுக்கும் சத்தத்துக்கும் உள்ள இந்த உறவுதான் அடையாளம்.

காது தேறாதவர்கள் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளி இருந்தாலோ, வெயிலில் காட்டினால் பொடிப்பொடியாக வெள்ளி மின்னினாலோ வண்டியை அதற்கு மேல் விரட்ட வேண்டாம். அந்த மினுமினுப்பு பிஸ்டனிலிருந்து உதிர்ந்த அலுமினியம்.

எனக்கு எந்த எண் சரி என்று ரோட்டில் எப்படிச் சோதிப்பது?

முதலில் டைமிங்கைக் கையேட்டில் உள்ளபடி, டைமிங் லைட் பிடித்து வையுங்கள். பாயின்ட் இடைவெளி, கார்புரேட்டர், பிளக் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். டேங்க்கைக் கிட்டத்தட்டக் காலி செய்து, சோதிக்கப்போகும் பெட்ரோலை நிரப்பி, முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். லைனிலும் கார்புரேட்டரிலும் கிடக்கும் பழையது தீர வேண்டும்.

பிறகு நண்பகல் வெயிலில், நெரிசல் இல்லாத ரிங் ரோடு மேம்பாலம் எதிலாவது, டாப் கியரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறத் தொடங்கி ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்துங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போனால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வரும். பின் சீட்டில் இரண்டு பேரை உட்கார வையுங்கள், பாரத்தோடு ஏறினால்தான் உண்மை தெரியும். அடித்தால் உடனே காலை எடுங்கள். நிரூபிப்பதற்காகக் கால் நிமிஷம் அடிக்கவிட வேண்டாம்.

சத்தமே இல்லை என்றால் அடுத்த டேங்க்குக்கு ஒரு படி குறைந்த எண்ணை ஊற்றி இதையே திரும்பச் செய்யுங்கள். முழு ஆக்ஸிலேட்டரில் தொடக்கத்தில் ஓரிரு முறை மட்டும் மெல்லத் தட்டிவிட்டு அடங்குகிற இடம்தான் உங்கள் இன்ஜினின் விளிம்பு. அதற்கு ஒரு படி மேலே உள்ள எண்ணை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் சோதித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், சித்திரையில் அது செல்லாது.

டைமிங்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் 91-லேயே ஓட்டலாமே?

இரண்டு டிகிரி வரை சரி. என் வண்டியையும் கொஞ்ச காலம் அப்படித்தான் ஓட்டினேன். ஆறு, எட்டு டிகிரி என்று தள்ளிக்கொண்டே போனால் நாக்கிங் நிற்கும், கூடவே இழுவையும் நிற்கும். தீ பிந்திப் பரவுவதால் சூடு எக்ஸாஸ்ட் வால்வு பக்கம் போகும், ரேடியேட்டர் கொதிக்கும், மைலேஜ் விழும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்கும் தேய்ந்து, வேகம் கூடும்போது கண்டபடி அட்வான்ஸ் ஆகும் (பொறி முந்திக்கொள்ளும்) வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே டைமிங்கைத் தள்ளுவதைவிட டிஸ்ட்ரிபியூட்டரைச் சரிசெய்வதே முறை.

மதுரை வெயிலுக்குக் கூடுதல் ஆக்டேன் வேண்டுமா?

கத்திரி வெயிலில் நாற்பது டிகிரிக் காற்றை உறிஞ்சும் இன்ஜின், மார்கழிக் காலையில் உறிஞ்சும் இன்ஜினைவிடச் சீக்கிரம் அடிக்கும். அது உண்மை. ஆனால் வெயிலைவிட இந்தப் பக்கத்து வண்டிகளைக் கெடுப்பது தண்ணீர் என்பது என் அனுபவம். வீட்டுப் போர் தண்ணீரைக் குடம் குடமாக ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். வெந்நீர் அடுப்புப் பானையில் படிகிற அதே உப்பு ஹெட்டைச் சுற்றியுள்ள தண்ணீர்ப் பாதையிலும் படிகிறது. மீட்டர் முள் ஒழுங்காக இருக்கும், ஆனால் எக்ஸாஸ்ட் வால்வுப் பக்கத்து இரும்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

என் ஹெட்டைக் கழற்றியபோது கடைசிச் சிலிண்டர் பக்கத்துத் தண்ணீர் ஓட்டை சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு வெள்ளையாக அடைத்திருந்தது. கம்பியால் குத்தினால் முட்டை ஓடு போலத் தகடு தகடாக வந்தது. 100 ஆக்டேனுக்குச் செலவழிக்கும் முன்னால் ரேடியேட்டரையும் பிளாக்கையும் கழுவுங்கள். பிறகு பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் மட்டும் ஊற்றுங்கள். பாதி நாக்கிங் அதிலேயே அடங்கிய வண்டிகள் உண்டு.

கொடைக்கானல், போடிமெட்டு போகும்போது கூடின ஆக்டேன் போட வேண்டுமா?

மேலே போகப் போக வேண்டாம், கீழே இருக்கும்போதுதான் வேண்டும். மதுரை கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் சுமார், கொடைக்கானல் 2,100 மீட்டர் சுமார். அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைவதால் நாக்கிங்கும் குறையும். வண்டி அடிப்பது அடிவாரத்திலிருந்து முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஏற்றத்தில்: வெயில், பாரம், கனத்த காற்று மூன்றும் சேரும் இடம் அது. ஏறும் முன்பே டேங்க்கை நிரப்புங்கள்.

கியரையும் கவனியுங்கள். வளைவு முடிந்ததும் மூன்றாவதிலேயே முக்கி முனகி ஏற்றாதீர்கள். இரண்டாவதுக்கு இறக்கி இன்ஜினைச் சுற்றவிட்டு ஏறினால் மூலைக் கலவைக்குத் தானாகப் பற்ற நேரம் கிடைக்காது. காசில்லாத ஆக்டேன் இதுதான்.

எத்தனால் கலந்த பெட்ரோல் என் பழைய காருக்கு ஆகுமா?

ஆக்டேனைவிட இதற்குத்தான் இன்று அதிகம் கவலைப்பட வேண்டும். நாக்கிங்கைப் பொறுத்தவரை எத்தனால் நண்பன்: ஆவியாகும்போது சூட்டை இழுத்துக் கலவையைக் குளிர வைக்கிறது. மற்ற விஷயங்களில் பழைய வண்டிக்கு அது பழக்கமில்லாத விருந்தாளி.

பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். 20 சதவீதம் கலந்ததை, சுத்த பெட்ரோலுக்காகத் துளையிட்ட ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) வழியே விட்டால் கலவை வறட்சியாகிவிடும், அதாவது பெட்ரோல் போதாமல் காற்று மிஞ்சிவிடும். புதிய காரில் சென்சார் கவனித்துக்கொள்ளும், சோலெக்ஸ், எஸ்யூ போன்ற பழைய கார்புரேட்டர்களுக்கு அது தெரியாது. வறண்ட கலவை சூட்டைக் கூட்டும், தடுமாறும், ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் இடறும். எண் ஏறியும் வண்டி அடிக்கிறது என்றால் இங்கே பாருங்கள். பிளக் பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்குங்கள். நன்கு வறுத்த வேர்க்கடலைத் தோல் நிறம் வரும்வரை சரிபார்க்கலாம்.

பழைய ரப்பர் ஊறி உப்பும், பிறகு விண்டுபோகும். பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், ஹோஸ், கார்க் கேஸ்கட் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் பொருளுக்கு மாற்றுங்கள். ஹோஸ் கேட்கும்போது விட்டான் (Viton) என்ற ரப்பர் வகையைக் கேளுங்கள். இன்ஜின் மேலே கசியும் பெட்ரோல் என்பது தீ விபத்து, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

டேங்க்கில் ஈரம் சேர்ந்தால் எத்தனால் அதை இழுத்துக்கொண்டு அடியில் தனியாகத் தங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோலில் எத்தனால் போய்விடுவதால் அதன் ஆக்டேனும் இறங்கிவிடும். கிராமத்தில் கொட்டகைக்குள் ஆறு மாசம் நிற்கும் வண்டிகளுக்கு இது நடக்கும். எத்தனால் இல்லாத 100 ஆக்டேன் கிடைக்கிறது என்று பங்க்கில் உறுதியாகச் சொன்னால், நிறுத்தி வைக்கும் காலத்துக்கு மட்டுமாவது அதை நிரப்புவது கொடுக்கும் காசுக்குத் தகும்.

ஈயம் இல்லாத பெட்ரோலால் வால்வு கெட்டுவிடும் என்கிறார்களே, அதற்குக் கூடின ஆக்டேன் போடலாமா?

இவை இரண்டும் வேறு வேறு. 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்மம் நாக்கிங்கைத் தடுக்கும் என்று கண்டுபிடித்தார். அந்த ஈயம் ஆக்டேனை ஏற்றியதோடு, எக்ஸாஸ்ட் வால்வு வந்து உட்காரும் சீட்டில் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தையும் தடுத்தது. குழந்தைகளின் மூளை வரை கெடுக்கும் நஞ்சு அது. இந்தியாவில் 2000 பிப்ரவரி 1 முதல் விற்பனை நின்றது, நின்றது நல்லதே.

100 ஆக்டேன் சீட்டைக் காப்பாற்றாது. டேப்பட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே போகிறதா என்று பாருங்கள். குறைந்தால் வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது. ஹெட் கழற்றும்போது கடினமான சீட் வளையம் போட்டுவிட்டால் அந்தக் கவலை முடிந்தது.

ஆக்டேன் பூஸ்டர், தின்னர், விமானப் பெட்ரோல்?

பூஸ்டர் பாட்டிலில் '30 பாயின்ட் ஏறும்' என்று இருந்தால் அது 3 எண். 91 என்பது 94 ஆகும், 121 ஆகாது. மாங்கனீசும் இரும்பும் கலந்தவை பிளக்கில் செம்மண் நிறத்தில் படியும், நாளடைவில் பொறியே விடாது. எங்காவது நல்ல பெட்ரோல் கிடைக்காத ஊரில் மாட்டிக்கொண்டால் ஒரு பாட்டில், அவ்வளவுதான். தின்னரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள், தொடாதீர்கள்.

விமான நிலையத்தில் நிரப்பும் எரிபொருளைக் கேட்டு வருகிறவர்களுக்கு: ஜெட் விமானத்தில் ஊற்றுவது மண்ணெண்ணெய் இனம். அதன் ஆக்டேன் மிகக் குறைவு, உங்கள் 9.5 இன்ஜினில் ஊற்றினால் பிஸ்டன் போகும். சிறு விமானங்களுக்கான பெட்ரோலில் ஈயம் இருக்கிறது, ரோட்டில் ஓட்டுவதற்கு அது உரியதல்ல.

சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் குலுங்கிக்கொண்டு ஓடுகிறது. ஆக்டேன் குறைவா?

ஆக்டேனும் ஒரு காரணமாக இருக்கலாம், முதல் சந்தேகம் அதன் மேல் வேண்டாம். கரித் துணுக்கு ஒன்று கங்கு போலச் சிவந்து கிடந்து கலவையைப் பற்ற வைக்கிறது. ஐடிலிங் அதிகமா, பிளக் சூட்டு வகை மாறியிருக்கிறதா, கரி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அணைக்கும் முன் அரை நிமிஷம் ஐடிலில் விடுங்கள்.

வழக்கமான பங்க், வழக்கமான எண், திடீரென்று அடிக்கிறது. கலப்படமா?

மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் சரியும். பங்க்கில் ஃபில்டர் தாள் கேட்பது உங்கள் உரிமை. நாஸில் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விடுங்கள். இரண்டு நிமிஷத்தில் கறையில்லாமல் ஆவியானால் நல்லது, எண்ணெய்த் தடம் நின்றால் சந்தேகம். அடர்த்திப் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கலாம். காலையில் குறித்த அளவுக்கும் இப்போது அளப்பதற்கும், இரண்டையும் 15 டிகிரி வெப்பத்துக்கு மாற்றிப் பார்க்கும்போது, கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பில்லை எடுத்து வையுங்கள்.

கடைசி வழியாகக் கம்ப்ரஷனையே குறைத்துவிடலாமா?

ஃபேஸிங்கால் ஏறிய வண்டிக்கு அதுதான் நியாயமான வழி. இரண்டு கேஸ்கட்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் போடும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது, கசியும், செய்ய விடாதீர்கள். அளவு சொல்லிச் செம்புத் தகடு வெட்டி வாங்குங்கள், அல்லது கனமான கேஸ்கட் செய்து வாங்குங்கள். என் ஃபியட்டுக்கு 1 மி.மீ. கனம் கூட்டினேன். அறைக்கு 3.6 சிசி கூடியது, 9.3 என்பது 8.5-க்கு இறங்கியது. புஷ்ராடு நீளத்தையும் டேப்பட்டையும் சரிபார்த்து மாட்டினோம்.

ஆலையிலிருந்தே 9 அளவில் வந்த ஜாகுவாருக்கும் எம்ஜிபிக்கும் இதைச் செய்யாதீர்கள். அந்த இன்ஜின் அப்படி ஓடுவதற்காகவே வரையப்பட்டது, அதற்கு உரிய பெட்ரோலைத் தேடிக் கொடுங்கள்.

என் வண்டி இப்போது 95-இல் ஓடுகிறது. சென்ற வைகாசியில் நாலு பேரோடு வத்தலக்குண்டிலிருந்து ஏறினோம், கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டே போனேன், ஒரு தட்டல்கூட இல்லை. ஊர் வந்ததும் டைமிங், ஜெட் அளவு, கேஸ்கட் கனம், அறைக் கொள்ளளவு நான்கையும் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன். அடுத்து ஹெட்டைக் கழற்றுகிறவர் என்னைத் தேட வேண்டியதில்லை.